அலுமாரிக்குள் ஒளித்த படிவம்

கல்யாணமாகி நாலு மாதத்திலேயே எனக்கு அலுத்துவிட்டது. "அந்தோனியாரே, மாமியை யாழ்ப்பாணத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்." செவ்வாய்தோறும் இதுதான் என் மன்றாட்டு. ஷெல்லடிக்குத் தப்பி வந்த மனுசி அவர். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்தோனியார் கோவிலில் சாட்சி சொல்ல வந்த இடத்தில் மறைக்கக் கூடாது.

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒற்றை அறை வீடு. மாமி என்னோடு நேரே கதைக்கவே மாட்டார். நான் பக்கத்தில் இருக்க, தன் மகனான என் கணவரிடம், "தம்பி, சோறு குழைஞ்சுபோச்செண்டு அவளிட்டச் சொல்லு" என்பார். நான் மட்டும் விடுவேனா? "நாளைக்கு அவவையே வடிக்கச் சொல்லுங்கோ" என்பேன். கணவர் வேலைக்குப் போனால் பின்னேரம்வரை வீட்டில் ஒரு சொல் இல்லை.

வடக்கிலிருந்து வருபவர்கள் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. மாமியின் படிவத்தை நிரப்பி, கொடுத்துவிடும்படி என்னிடம் தந்தார் கணவர். பதிந்தால் இங்கேயே தங்கிவிடுவார் என்ற எரிச்சலில் அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். கொடுத்தாயிற்று என்று பொய்யும் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணவர் வேலைக்குப் போயிருந்தார். கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பொலிஸார் சோதனைக்கு வந்துவிட்டார்கள். மாமிக்குச் சிங்களம் தெரியாது. பதிவு இல்லை என்றதும் அவரை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, என்னவாம்?"

அவர் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. ஐயோ, நான் கேட்டதே நடக்கப்போகிறது! "அந்தோனியாரே, கேட்டதைத் தராதேயும்" என்று உள்ளுக்குள் கதறினேன். "இவ என்ர அம்மா" என்று சிங்களத்தில் சொல்லி, படிவத்தை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

பொலிஸ் நிலைய வாங்கில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மனம் கேட்கவில்லை, படிவத்தை ஒளித்ததை மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஓர் அதிகாரி படிவத்தில் முத்திரை குத்தி, போகலாம் என்றார். அதே வாங்கில் எத்தனையோ பேர் இன்னும் இருந்தார்கள். எங்களை ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தோனியாருக்குத் தெரியும்.

படியிறங்கும்போதுதான் மாமி வாய் திறந்தார். "பிள்ளை, இதைத் தம்பியிட்டச் சொல்லாதை."

அன்றிலிருந்து சோறு குழைந்தால் நேராகவே திட்டு விழும். வீட்டுச் சண்டையால் களைத்து இங்கே வந்திருக்கும் தங்கச்சிமாரே, மனதில் உள்ளதை அப்படியே அந்தோனியாரிடம் கேளுங்கள். எதைத் தரக் கூடாது என்றும் அவருக்குத் தெரியும்.

இன்று சாட்சி சொல்லட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். "இனிச் சொல்லன். அவன் என்ன செய்யப்போறான்?" என்றார். அவர் மகன் அதோ, மூன்றாம் வரிசையில், வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறார்.