ரூம்னு சொன்னா சீட் கிடையாது

போன வாரம் ஒரு ஸ்கூல்ல இருந்து மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். 'டியர் பேரன்ட்ஸ்'னு ஆரம்பிச்சு, உங்க மகளின் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்னு முடியுது. நடுவுல இருந்த விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்... சீட் இல்லை.

காரணம்? எங்க பள்ளிச் சமூகத்துக்கு உங்க குடும்பம் 'ரைட் ஃபிட்' இல்லையாம்.

ஃபிட்டா? பொண்ணைப் படிக்க அனுப்பறோமா, சட்டை தைக்கக் குடுக்கறோமா?

கொஞ்சம் ஆறின பிறகு எழுதலாம்னுதான் பார்த்தேன். ஆற மாட்டேங்குது. அதனால இந்த வாரம் சூட்டோடயே படிச்சிடுங்க.

என் மக கயல் படிக்கிற ஸ்கூல் எட்டாவதோட சரி. அதுக்கு மேல வேற இடம் பார்க்கணும். அபுதாபியில ஒன்பதாவதுக்கு இடம் தேடி அலைஞ்சவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டாம். கிடைக்கலைன்னா என்ன ஆகும்? நானும் அவளும் பட்டுக்கோட்டைக்கு மூட்டை கட்டணும். என் வீட்டுக்காரர் இங்கே தனி ஆளா நிக்கணும். கல்ஃப்ல பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ரெண்டாப் போகுது. எங்க வீட்டுல இந்த வருஷம் பூரா இதே பேச்சுதான்.

அப்பதான் இந்த ஸ்கூலைப் பத்திக் கேள்விப்பட்டோம். வேல்ஸ் நாட்டுல ரொம்ப காலமா இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தோட கிளையாம். புதுசா திறந்திருக்காங்க. ஊர் ஓரத்துல, கராஜும் தொழிலாளர் கேம்புமா இருக்கிற முசஃபாவுல எங்க பில்டிங் வாசலுக்கே பஸ் வருது. ஸ்கூல் வாசல்ல வேல்ஸோட சிவப்பு டிராகன் கொடி, 'வெரி குட்'னு ஆளுயர பேனர். எது வெரி குட்? யாரு சொன்னது? பேனர்ல இல்லை.

நான் சும்மா போகிற ஆள் இல்லையே. கேள்விகளோட போனேன். போன வருஷம் எத்தனை டீச்சர் நடுவுலயே கிளம்பிப் போனாங்க? ஃபிசிக்ஸுக்கு ஃபிசிக்ஸ் படிச்ச ஆள் இருக்காரா, இல்ல பி.டி. வாத்தியாரே எடுக்கறாரா? படிப்புல பின்தங்கற பிள்ளையை என்ன செய்வீங்க... சொல்லிக் குடுப்பீங்களா, பரீட்சைக்கு முன்னாடி டி.சி. குடுத்து அனுப்பிடுவீங்களா?

அட்மிஷன் மேடம், வெள்ளைக்காரம்மா, எல்லாத்துக்கும் அழகா சிரிச்சாங்க. "அற்புதமான கேள்வி"ன்னாங்க. அப்புறம் நீச்சல்குளத்தைக் காட்டினாங்க. டீச்சரைக் காட்டுங்கம்மான்னா நீச்சல்குளம்! அதுக்கு அப்புறம் நாடக மேடை. என் ஒரு கேள்விக்கும் பதில் வரலை. அப்பவே எழுந்து வந்திருக்கணும்.

வராததுக்குக் காரணம் அங்க இருந்த வராண்டா சுவர். அதுல பெரிய எழுத்துல ஏதோ புரியாத வார்த்தை எழுதியிருந்தது. என்னன்னு கேட்டேன். க்ரோய்சோ — அவங்க வேல்ஸ் மொழியில 'வாங்க'ன்னு அர்த்தமாம். ஒரு காலத்துல இங்கிலீஷை விட்டுட்டு அந்த மொழியை வாயைத் திறந்து பேசினதுக்காக ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குத் தண்டனை குடுத்தாங்களாம். கழுத்துல கட்டையைக் கட்டித் தொங்கவிடுவாங்களாம். "அதனாலதான் இங்கே எந்தக் குழந்தையோட பேச்சையும் நாங்க குறைவா நினைக்க மாட்டோம்"னு மேடம் நெஞ்சுல கை வச்சுச் சொன்னாங்க. நான் உருகிப் போயிட்டேன். சேர்த்தா இங்கதான் சேர்க்கணும்னு அந்த வராண்டாவுலயே முடிவு பண்ணிட்டேன்.

கயல் பரீட்சை எழுதினா. நல்லா எழுதினா. அடுத்தது குடும்பத்தோட இன்டர்வியூ.

இங்க என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். முசஃபாவுல ஒரு கராஜ்ல சூப்பர்வைசர். மெக்கானிக்கா வந்தவர். வந்தப்ப கேம்ப்ல ஒரே அறையில அடுக்குக் கட்டில் போட்டு ஊர் ஆளுங்களோட இருந்தார். இங்க தனி ஆளா வந்த எல்லாருக்கும் வீடுன்னா அதுக்குப் பேர் 'ரூம்'தான். டியூட்டி முடிஞ்சா ரூமுக்குப் போகணும், ரூம்ல சமைக்கணும், ரூம்ல படுக்கணும். அப்புறம் நான் வந்தேன், கயல் பிறந்தா, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு மாறினோம். வார்த்தை மட்டும் மாறலை. "ரூமுக்கு வந்துட்டிருக்கேன், ஏதாவது வாங்கணுமாம்மா?"ன்னுதான் தினம் போன் பண்ணுவார். லீவுல ஊருக்குப் போனா, நாங்க கட்டின சொந்த வீட்டைக்கூட ரெண்டு நாளைக்கு ரூம்னுதான் சொல்லுவார். சொந்தக்காரங்க ஓட்டி எடுப்பாங்க.

இன்டர்வியூல மேடம் இவரைப் பார்த்து, எங்க தங்கியிருக்கீங்கன்னு கேட்டாங்க.

"மை ரூம் இஸ் இன் முசஃபா, மேடம்."

மேடம் பேனா நின்னுடுச்சு. "ரூம்? நீங்க மூணு பேருமா?"

இவருக்கு என்ன புரியும்? சந்தோஷமா, "எஸ் மேடம், ஆல் த்ரீ. குட் ரூம், மேடம்"னார்.

நான் நடுவுல பாய்ஞ்சு, "ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுங்க, இவர் பழக்கத்துல ரூம்னு சொல்றார்"னேன். மேடம் சிரிச்சாங்க. நீச்சல்குளம் காட்டினப்ப சிரிச்ச அதே சிரிப்பு. அப்புறம் கயலைப் பார்த்து, வீட்டுல படிக்கத் தனியா இடம் இருக்கா செல்லம், பக்கத்துல வேற யாராவது படுப்பாங்களான்னு மெதுவா, பரிதாபமா கேட்டாங்க. கயலுக்கு முகம் சிவந்து போச்சு.

இன்டர்வியூ அதோட கலாஸ்.

கார்ல திரும்பிட்டிருந்தோம். சிக்னல்ல நிக்கும்போது கயல் இங்கிலீஷ்ல சொன்னா: "அப்பா, அபார்ட்மென்ட்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

இவர் சிக்னல் பச்சை விழுந்ததுகூடத் தெரியாம உட்கார்ந்திருந்தார். பின்னாடி வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சுத் தீர்த்துட்டான்.

மெயில் வந்த அன்னைக்கு ஸ்கூலுக்கு போன் போட்டேன். அதே மேடம்தான் எடுத்தாங்க. பொண்ணு மார்க் குறைவான்னு கேட்டேன். இல்லையே, ரொம்ப நல்ல பொண்ணுன்னாங்க. சீட் நிரம்பிடுச்சா? அதுவும் இல்லை. பின்ன என்னதான்? "நாங்க ஹோலிஸ்டிக்கா பார்க்கிறோம்"னாங்க. ஹோலிஸ்டிக்! அடேங்கப்பா. பொண்ணு எழுதின பரீட்சையை ஓரமா வச்சிட்டு அப்பன் பேசின ஒரு வார்த்தைக்கு மார்க் போடறதுக்கு இவ்வளவு அழகா ஒரு பேரா?

"உங்க பிள்ளைங்க கழுத்துல கட்டை தொங்கவிட்ட கதையை என்கிட்ட சொன்னீங்களே மேடம், அந்தக் கட்டையை இன்னைக்கு என் வீட்டுக்காரர் கழுத்துல மாட்டி அனுப்பியிருக்கீங்க"ன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துல இருந்து, உங்க கருத்தைப் பதிவு செஞ்சுக்கிறோம்னு குரல் வந்தது. பதிவு செஞ்சுக்கங்க. நல்லா செஞ்சுக்கங்க.

இத்தனைக்கும் எனக்குக் கோபம் சீட்டுக்காக இல்லை. பெத்த அப்பன் பேச்சைக் கேட்டுக் கூனிக் குறுக எந்த ஸ்கூலும் பாடம் நடத்த வேண்டாம். இவங்க சேர்க்காமலே நடத்திட்டாங்க.

ரெண்டு நாள் முன்னாடி இன்னொரு ஸ்கூலுக்குப் போனோம். இந்திய சிலபஸ், நீச்சல்குளம் கிடையாது. வைஸ் பிரின்ஸிபால் முதல்ல கயலை லேபுக்குக் கூட்டிட்டுப் போய், ஃபிசிக்ஸ் மிஸ்ஸோட பேச விட்டார். அப்புறம்தான் எங்களை உட்காரச் சொன்னார். வீடு எங்கன்னு பேச்சுவாக்குல கேட்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மை அபார்ட்மென்ட் இஸ் இன் முசஃபா, சார்." ஒரு எழுத்து பிசகலை. வழி நெடுக முணுமுணுன்னு எதையோ சொல்லிட்டு வந்தாரே, அது இதுதான்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது.

சீட் கிடைச்சிடுச்சு. ஊருக்குப் போக வேண்டாம். கயல் குதிச்சா, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லலை.

நேத்து சாயங்காலம் போன் வந்தது. "டியூட்டி முடிஞ்சுதும்மா. அபார்ட்மென்ட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன். ஏதாவது வாங்கணுமா?"

ஒண்ணும் வேண்டாங்கன்னு போனை வச்சேன். வச்சிட்டு, அந்த வேல்ஸ் ஸ்கூலை வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினேன்.