சிலேட்டு காலியாக இருந்த நாட்கள்

அரியலூருக்கு மாற்றல் வந்தபோது மதியச் சாப்பாடுதான் என் முதல் கவலை. பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கட்டிக்கொண்டு போகும் சோறு, கோடையில் மதியத்துக்குள் ஊசிப்போய்விடும். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துவரும்படியான இடமாகவும் இருக்க வேண்டும். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஒரே மெஸ்ஸைத்தான் சொன்னார்கள்.

சிமென்ட் ஆலைக்குப் போகும் சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. கணவர் பரிமாறுவார், மனைவி சமைப்பார். எல்லோருக்கும் அவர்கள் அண்ணன், அக்கா. கை கழுவும் இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் சிலேட்டு தொங்கியது. நான் போன முதல் நாள் அதில் இப்படி எழுதியிருந்தது: ‘சாம்பார் லேசாக அடிப்பிடித்துவிட்டது. ரசம் நன்றாக இருக்கிறது.’

ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் காத்திருந்த லாரி டிரைவர், “என்ன மேடம், பரீட்சைக் கேள்வியப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? ரசத்த வாங்கிக்கங்க, அம்புட்டுதான்” என்றார்.

சிலேட்டு வந்த கதையைப் பிறகு அண்ணனே சொன்னார். மெஸ் ஆரம்பித்த புதிதில் ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. மறுபடி வைக்க நேரமில்லை. அதைச் சொல்லாமல் ஊற்றக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக இருந்திருக்கிறார். அண்ணன் இலை இலையாகக் குனிந்து சொல்லிக்கொண்டே போனார். “நாலு பேருக்குச் சொல்றதுக்குள்ள அஞ்சாவது ஆளு பெசஞ்சுட்டான் மேடம். அவன் என்னையப் பாத்த பார்வ இருக்கே!” மறுநாள் கடைத்தெருவில் சிலேட்டு வாங்கிவந்து மாட்டினாராம்.

அதில் அன்றைய குறையை மட்டும்தான் எழுதுவார்கள். தயிர் புளித்திருக்கிறது, கீரையை நன்றாக அலசியும் மண் கடிக்கிறது, வத்தக்குழம்பில் காரம் தூக்கல். நன்றாக இருப்பதைத் தனியாக எழுதும் வழக்கம் கிடையாது. ஒரு குறை இருந்தால் அதற்குப் பதில் எதை வாங்கலாம் என்று சொல்வதோடு சரி. எந்தக் குறையும் இல்லாத நாளில் சிலேட்டு வெறுமனே தொங்கும். அப்படித் தொங்குவதைப் பார்த்துவிட்டால் டிரைவர் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: “அண்ணே, இன்னிக்கு சிலேட்டு காலி! சோத்த அள்ளிப் போடுங்க!” சமையலறைக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு கேட்கும்.

கீரையில் மண் என்று எழுதிய வாரத்தில், செந்துறைப் பக்கம் சொந்தக் கிணறு வைத்திருந்த ஒருவர் கட்டுக் கட்டாகக் கீரையைக் கொண்டுவந்து இறக்கினார். “எங்க கொல்லைல மண்ணே கெடையாதுங்க” என்றார். “பெறகு கீர ஆகாசத்துலயா மொளைக்குது?” என்று டிரைவர் கேட்டார். அன்று முதல் கீரை அவரிடம்தான். முன்பின் தெரியாதவர்கள்கூட சிலேட்டில் எழுதியிருப்பதை வைத்தே பேச்சை ஆரம்பித்தோம். எனக்கு அரியலூர் அறிமுகமானதே அந்த வாஷ்பேசின் முன்னால்தான்.

பக்கத்தில் இருந்த தனியார் பயிற்சிக் கல்லூரி, தன் விடுதிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை அந்த மெஸ்ஸிடம் விடப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வேறு பாதையில் போகத் தொடங்கியதில் மெஸ்ஸில் கூட்டம் குறைந்திருந்தது. கல்லூரி கிடைத்தால் மெஸ் பிழைக்கும். இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் திருப்பூர் என்ற பேச்சே ஆகாது.

அப்போதுதான் ஒரு குடும்பம் காரில் வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போகிறவர்கள். அன்றும் சாம்பார் அடிப்பிடித்திருந்தது, சிலேட்டில் எழுதியும் இருந்தது. அவர்களில் ஓர் இளைஞர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், செல்போனில் படம் எடுத்தார். ரசம் கேட்டு இரண்டாம் முறையும் வாங்கினார். போகும்போது சமையலறை வாசலில் நின்று, “சூப்பர்க்கா, இப்படி ஒரு ஓட்டல நான் பாத்ததே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

அந்த இளைஞர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்திருக்க மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். படம் கை மாறி மாறி எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது அதன் கீழே வேறு யாரோ எழுதிய வரி இருந்தது: ‘கெட்டுப்போன சாப்பாட்டைப் போட்டுவிட்டு அதை போர்டில் வேறு எழுதி வைக்கும் மெஸ். உஷார்.’ கடையின் பெயர்ப்பலகை படத்தின் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அது கெட்டுப்போன சாப்பாடு இல்லை, அங்குள்ள வழக்கம் இது என்று குழுவில் விளக்கமாக எழுதினேன். யாரோ கட்டைவிரல் போட்டார்கள். அடுத்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது, பேச்சு அதற்குப் போய்விட்டது.

விடுதி வார்டன் ஒரு மதியம் வந்தார். சாப்பிடவில்லை, உட்காரவுமில்லை.

“நான் நம்புறேங்க. நானே எத்தன நாள் இங்க சாப்பிட்டிருக்கேன். ஆனா பிள்ளைங்களப் பெத்தவங்க போன் மேல போன் போட்டுக் கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“நாங்க எழுதினது உண்மதானங்க?” என்றார் அக்கா.

“உண்மதான்மா. அதத்தான் படம் புடிச்சுட்டாங்க.”

கல்லூரி கைநழுவிவிட்டது. அவர் போன பிறகு அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறி சிலேட்டைக் கழற்றினார். அக்கா தடுத்தார். “எழுதாம என்னால பரிமாறச் சொல்ல முடியாதுங்க. மனசு வராது எனக்கு.”

“எழுதித்தான் இந்த கதி. திருப்பூருக்குப் போறியா, இல்ல இங்க இருக்கியா? நீயே சொல்லு.”

அக்கா உள்ளே போய் அடுப்பைக் குறைத்தார்.

திருப்பூருக்குப் போகவில்லை. சிலேட்டு தொங்கிய சுவரில் வாழையிலைச் சாப்பாட்டுப் படத்தோடு பளபளப்பான ஃபிளெக்ஸ் வந்தது. ‘வீட்டுச் சுவை, தினமும் தரம்’ என்று அதில் இருந்தது. புதிய ஆட்கள் வரத் தொடங்கினார்கள், கடை பிழைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டிரைவர் இப்போது கை கழுவிவிட்டுச் சத்தம் போடாமல் போய் உட்காருகிறார். கீரைக்காரர் கீரையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நானும் சாம்பாரை முதலில் இலையின் ஓரத்தில் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிசைகிறேன். அங்கே எனக்கு முன்பு அந்தப் பழக்கம் இல்லை.

போன மாதம் ஒருநாள் உள்ளே நுழையும்போதே தீய்ந்த வாசனை வந்தது. அண்ணன் சாம்பார் வாளியோடு என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அக்கா சமையலறையிலிருந்து வேகமாக வந்து, எதுவும் கேட்காமல் என் சோற்றில் ரசத்தை ஊற்றினார். எதிரில் இருந்த டிரைவருக்கும் ஊற்றினார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்து இலையில் இருந்தவர் புதியவர். அக்காவின் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு சாம்பார்தான்” என்றார். அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு வழிவிட்டார். அண்ணன் ஊற்றினார்.