மூடியைத் திறக்காதீர்கள்

எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில், ஊரையே கூட்டும் வாடையுள்ள டுரியான் பழத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்று எப்போதும் இருக்கும். மலேசியாவுக்கு வந்த புதிதில் அதைப் படம் எடுத்து, ஒரு பழத்துக்குக்கூட லிஃப்டில் ஏற உரிமை இல்லாத நாடு இது என்று சொந்த ஊரான விருதுநகருக்கு அனுப்பிச் சிரித்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் வேலை முடிந்து திரும்பியபோது, அந்தப் படத்துக்குக் கீழே புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என நான்கு மொழிகள். சமையல் வாடை வெளியே வராமல் கதவைச் சாத்தி வையுங்கள் என்பதுதான் செய்தி. தமிழில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: ‘வீட்டில் சம்சு காய்ச்சுவது கண்டிப்பாகத் தடை’. சம்சு என்றால் இந்த ஊரில் மலிவுச் சாராயம். லிஃப்டுக்குள் என்னோடு ஒரு சீனத் தம்பதியும் ஒரு மலாய்ப் பெண்ணும் நின்றிருந்தார்கள். மூவரும் அந்தச் சுவரைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் குற்றம் சாட்டப்பட்டவள் நான் ஒருத்திதான். அதைப் படிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

அந்த வரி எனக்காக எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கோபம் எனக்குள்ளேயே புளித்துப் போகும்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின், அதாவது பாமாயில் ஆலையின், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். கணவர் பிரபுவுக்குக் கணினி வேலை. வீடு கோலாலம்பூரின் நடுவே பிரிக்பீல்ட்ஸில். காலையில் எல்லோரும் கோலாலம்பூருக்குள் வந்து இறங்க, நான் எதிர்த்திசையில் கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறிக் கடலோரம் போகிறேன். அங்கே என் வேலை, எண்ணெயைக் காற்றிடமிருந்து காப்பாற்றுவது. ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அதனால் தொட்டிகளின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைத்திருப்போம். மேலதிகாரியே ஆனாலும், காரணம் சொல்லாமல் அந்த மூடிகளைத் திறக்க முடியாது.

பீருக்கு வருகிறேன். ஊரில் இருந்தவரை நான் பீர் குடிப்பது பிரபுவைத் தவிர யாருக்கும் தெரியாது. அரசு மதுக்கடையின் கம்பிவலை முன்னால் ஒரு பெண் போய் நின்றால், அவள் வீடு வந்து சேரும் முன் சேதி வந்து சேர்ந்துவிடும். பிரபுதான் செய்தித்தாளில் சுற்றி வாங்கி வருவார். ஜன்னலைச் சாத்திவிட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிப்போம். பிறகு அவர் அப்படியே முற்றத்துக்குப் போய் என் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார். நான் மட்டும் பல் துலக்கிவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வர வேண்டும். அந்தப் பற்பசையின் ருசி இன்றைக்கும் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது.

இங்கே பேரங்காடியில் பீருக்குத் தனி மூலை, தனிக் கவுண்டர். முதல் முறை வாங்கியபோது அங்கிருந்த பெண் ஆங்கிலத்தில், “கணவருக்கா?” என்றாள். “இல்லை, எனக்கு” என்றேன். நான் ஏதோ பை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். ஒரு பெண் தனக்காகப் பீர் வாங்குகிறாள் என்பதை அவள் காதும் ஏற்கவில்லை.

பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டது கிறிஸ்டினோடு சேர்ந்து. கிள்ளானில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை. அவள் வீட்டுப் பின்கட்டில் ஆரம்பித்தோம், பிறகு என் வீட்டுக்கு மாறினோம். ஃபெர்மென்டர் என்பது பெரிய விஷயமில்லை, அடியில் குழாய் வைத்த மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாய். பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாற்றைக் கொதிக்கவைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடிவிட்டால் அதுபாட்டுக்கு நொதிக்கும். அதுவரை எங்களுக்குச் சரியாகவே வந்தது. அதன் பிறகுதான் கெட்டது. பீப்பாயில் எலுமிச்சையும் மாம்பழமுமாக மணந்த பீர், கெக் என்ற உலோகக் குடுவைக்கு மாற்றிச் சில நாளில் பழுப்பேறி, நனைந்த அட்டைப்பெட்டியை மென்றதுபோல் ஆகிவிடும்.

“பரவாயில்லை லா, குடிக்கலாம்” என்பாள் கிறிஸ்டின், இந்த ஊர்க்காரர்கள் எந்த மொழியிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு.

எனக்குப் பரவாயில்லையாக இல்லை. நாள் முழுக்க எண்ணெயில் நான் துரத்தும் அதே திருடன் என் வீட்டுக்குள்ளேயே புகுந்திருந்தான். நாங்கள் மூடியைத் திறந்து, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, சலசலவென்று கெக்குக்குள் கொட்டிக்கொண்டிருந்தோம். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டியது முதல் நாள் மட்டும். நொதித்து முடிந்த பீருக்கு அதே ஆக்சிஜன்தான் எமன்.

முறையை மாற்றினோம். கெக்கைக் கிருமிநாசினித் தண்ணீரால் விளிம்பு தளும்ப நிரப்பி மூடுவோம். சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தினால் தண்ணீர் முழுவதும் வெளியேறும், அந்த இடத்தில் வாயு மட்டுமே இருக்கும், காற்றுக்கு இடமில்லை. பீப்பாயை மேடையில் ஏற்றி, கெக்கைத் தரையில் வைத்து, பீப்பாயின் குழாயிலிருந்து கெக்கின் அடிவரை போகும் தண்டுக்கு ஒரு டியூப். கெக்கின் மேல்வாயிலிருந்து பீப்பாயின் மூடித் துளைக்கு இன்னொரு டியூப். பீர் தன் எடையிலேயே சத்தமில்லாமல் கீழே இறங்கும். அது தள்ளிவிடும் வாயு மேலேறிப் போய்ப் பீப்பாயில் காலியான இடத்தை நிரப்பும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மூடிகூடத் திறக்காது. அப்படி மாற்றிய முதல் பீர் கடைசி டம்ளர் வரை பொன்னிறமாகவே இருந்தது. நாங்கள் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குடித்தோம். யாரும் பல் துலக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் பீர் காய்ச்சும் இன்னொருவரும் உண்டு. பதினாலாவது மாடி டேவிட், ஆங்கிலேயர். நீச்சல்குளத்தருகே நடந்த விருந்தில் தன் வீட்டுப் பீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். நிர்வாக அலுவலகத்தார் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்டின் ஒரு மதியம் கேன்டீனில், தனக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துவிட்டதாகவும், இனி திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றும் சொன்னாள். “விருந்தெல்லாம் வேண்டாம். நம்ம பீர் ஒன்று காய்ச்சு” என்றாள். ஹாப்ஸை அள்ளிப் போட்ட ரகம் அவளுக்குப் பிடிக்கும். காற்றுப் பட்டால் முதலில் சாகும் ரகமும் அதுதான். காய்ச்சினேன். கெக்குக்கு மாற்ற வேண்டிய சனிக்கிழமைக் காலை, டியூப்களை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நிர்வாக அலுவலகத்து லெட்சுமி அக்கா. இந்த நாட்டில் பிறந்த தமிழர், ஐம்பதை நெருங்கும் வயது. பின்னால் நேப்பாளக் காவலாளி.

“மேடம், கம்ப்ளெய்ன் வந்திருக்கு. ஒங்க வீட்டுல புளிச்ச வாடை அடிக்குதாம்.”

“பீர்தான்க்கா. வீட்டுக்கு மட்டும். யாருக்கும் விக்கிறதில்ல.”

“பீரா, சம்சுவா?”

“பீர்.”

“தொறந்து காட்டுங்க.”

“மூடியத் தொறந்தா கெட்டுப்போகும்க்கா. அடியில கொழாய் இருக்கு, ஒரு டம்ளர் பிடிச்சுத் தரேன். மோந்து பாருங்க, குடிச்சுக்கூடப் பாருங்க.”

அவர் முகம் சட்டென்று இறுகியது. “குடிச்சுப் பாக்கவா? ஊருலேருந்து வர்றவங்க நல்லாத்தான் பேசுறீங்க. காத்துப் பட்டா கெட்டுப்போறதுக்கு அது என்ன பச்சப்புள்ளயா?”

நான் வழிமறித்து நின்றேன். பிரபு பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். “மலர், விடு. விசா புதுப்பிக்கிற நேரம். இது நம்ம ஊர் இல்ல.”

அவர் குரல் கேட்டு நான் திரும்பிய அந்தச் சிறு நேரத்தில் லெட்சுமி அக்கா உள்ளே போய்விட்டார். மூடியைத் திருகி எடுத்தார். ஹாப்ஸின் மணம் வீட்டையே நிறைத்தது. அதோடு விட்டிருக்கலாம். மேடையில் கிடந்த நீளக் கரண்டியை எடுத்து அடிவரை விட்டு, சட்டியில் கூழைக் கிளறுவதுபோலக் கிளறினார். அடியில் படிந்திருந்த ஈஸ்ட் எழுந்து கலங்கியது, மேலே நுரை பொங்கியது. காவலாளி தன் காலணியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“சம்சு இல்ல போல” என்றார் லெட்சுமி அக்கா. “சரி, மூடிக்குங்க லா.” அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

கதவைச் சாத்தியதும் பிரபுவிடம் கத்தினேன். எது நம் ஊர் என்று கேட்டேன். ஜன்னலைச் சாத்திக் குடித்த அந்த வீடா என்று கேட்டேன். அவர் மேடையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

கிறிஸ்டினை அழைத்தேன். “காற்று வேலையைக் காட்டச் சில நாளாவது ஆகும், இல்லையா?” என்றாள். “அப்ப இன்னைக்கே குடிச்சிடலாம் லா.” வந்தாள். இன்னும் வாயு ஏற்றாத, கலங்கிய பீரை நேராகக் குழாயிலிருந்து பிடித்து ஐஸ் போட்டுக் குடித்தோம். மணம் இன்னும் இருந்தது. நடந்ததைச் சொல்லி முடித்ததும், “நீ சண்டை போடணும், சும்மா விடக்கூடாது” என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் பற்றிக்கொண்டது. “நீ விமானம் ஏறப்போற. சண்டைய மட்டும் என்கிட்டக் குடுத்துட்டுப் போறியா?” அவள் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, “இந்த நாட்ல என் பங்குச் சண்டைய நான் போட்டு முடிச்சிட்டேன், மலர்” என்றாள். அவளை வழியனுப்பியது இப்படித்தான்.

அவள் போன அடுத்த வாரம்தான் லிஃப்டில் அந்த அறிவிப்பு வந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, சீனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சமையல் வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. பையைக்கூட வீட்டில் வைக்காமல் நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். லெட்சுமி அக்கா தனியாக இருந்தார்.

“அந்த வரிய எடுங்க.”

“பொதுவாப் போட்டதுதானே மேடம்.”

“பொதுன்னா நாலு மொழியிலயும் போடுங்க. ஏன் தமிழ்ல மட்டும்?”

“மத்தவங்க காய்ச்ச மாட்டாங்களே.” பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். “நீங்க நேத்து வந்தவங்க. ஒங்களுக்குத் தெரியாது. நான் கேரி தீவு எஸ்டேட்டுல பொறந்தவ. எங்கப்பா சம்சு குடிச்சுக் குடிச்சு, ஒருநாள் காலையில எந்திரிச்சு, ‘ஏன் இன்னும் வெளக்கப் போடல’ன்னு கேட்டாரு. வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு போயிருச்சு. அப்புறம் ஆளும் போயிட்டாரு. எங்கம்மா ஒத்த ஆளா நின்னு எங்கள வளத்துச்சு. பீப்பாயப் பாத்தா எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும். நீங்க என்னமோ குடிச்சுப் பாருங்கன்றீங்க.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் வெயிலில் விளக்குக் கேட்டது என் காதில் விழுந்ததுபோல் இருந்தது. இந்த மண்ணில் அந்தச் சாராயம் எத்தனை வீடுகளைத் தின்றது என்பது, தோட்டத்துப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் தெரியும். அவருடைய துக்கம் உண்மை. ஆனால் அந்தத் துக்கம் எந்தக் கதவைத் தட்டியது, எந்தக் கதவைத் தட்டவில்லை என்பதும் உண்மைதானே.

“மன்னிச்சுக்குங்கக்கா. ஒங்கப்பா விஷயம் எனக்குத் தெரியாது” என்றேன். “ஆனா ஒண்ணு கேக்கணும். பதினாலாவது மாடியில டேவிட் வீட்லயும் பீப்பா இருக்கு. அங்க போய் மூடியத் தொறந்தீங்களா?”

“அது...” என்று இழுத்தார். “அவருக்கு அது ஹாபி லா.”

“எனக்கு?”

அவர் மேசைமேல் கிடந்த காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் காய்ச்சினால் பொழுதுபோக்கு, தமிழச்சி காய்ச்சினால் சாராயம். இதை வேறு இனத்தவர் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு வலி குறைவாக இருந்திருக்கும். சொன்னது என் மொழியில், என்னை மேடம் என்று அழைக்கும் வாய். எஸ்டேட்டுத் தமிழரைக் குடிகாரர் என்று இந்த நாடு முழுக்கச் சொன்ன அந்தப் பழியை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருக்கிறார். ஊரிலிருந்து புதிதாக ஒருத்தி வந்ததும் அதை அப்படியே இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வரிய எடுங்க” என்று மறுபடியும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

எடுத்தார்கள். சில நாள் கழித்துப் புதிய அறிவிப்பு ஒட்டினார்கள். மலாய், சீனம், ஆங்கிலம். தமிழே இல்லை. பிரச்சினை தீர்ந்தது! என்னைத் திட்டிய மொழி போயிற்று, என்னோடு பேசிய மொழியும் அதோடு போயிற்று. அன்று லிஃப்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். வாய்விட்டுத் திட்டினேன், தமிழில்.

இப்போது நான் பீர் மாற்றுவது வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. போகிற வருகிற எவரும் பார்க்கட்டும் என்றுதான். பிரபு முதலில் முனகினார். பிறகு தானே வந்து கதவுக்கு முட்டுக்கட்டை வைத்தார். போன சனிக்கிழமை பீர் பாதி இறங்கிக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்கா நடைபாதையில் வந்தார். நின்றார். பீப்பாயையும் கெக்கையும் இடையில் ஓடிய டியூப்களையும் பார்த்தார்.

“சாப்பிட்டாச்சா?” என்றார்.

“ஆச்சு” என்றேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து விருதுநகரிலிருந்து அம்மா வீடியோவில் அழைத்தாள். எடுத்தேன். என் தோளுக்குப் பின்னால் தெரிந்ததைக் கூர்ந்து பார்த்து, “அதென்னடி பீப்பாயும் கொழாயுமா?” என்றாள்.

வாசல் திறந்துதான் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் முழுவதற்கும் தெரிந்த சங்கதி.

“எண்ணெய்ம்மா” என்றேன். “ஆபீஸ் வேலை.”

“எண்ணெயா, சரி சரி, பாத்துச் செய்யி” என்றாள் அம்மா. நான் கைப்பேசியை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அங்கிருந்து அவள் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, உம் கொட்டிக்கொண்டே, ஒரு குமிழிகூட உள்ளே போகாமல் டியூப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.