மேலேயிருந்து வருவதற்கு ஏற்ற டயர்

லுலாமா நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். நானூறு பிள்ளைகளுக்கு உடைத்த சோளமும் அவரையும் வேகவைத்து இறக்குகிற அந்தக் கைதான், வாரத்தில் மூன்று நாள் விடிவதற்கு முன்பே ஒரு சிவப்பு ஜிடிஐ காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது. ரோட்டில் பார்க்கிற பையன்கள் விசில் அடிப்பார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அவளுக்கு அந்தக் காரைப் பிடிக்காது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின், கொஞ்சம் மிதித்தாலும் பாய்கிறது, குழியில் விழுந்தால் இடுப்பு வரைக்கும் வலிக்கிறது என்பாள்.

கார் அவளுடையது இல்லை, புருஷன் லிண்டிலேயுடையது. வடக்கே வெகுதூரத்தில் இருக்கிற ருஸ்டன்பர்க் சுரங்கத்தில் பதினோரு வருடம் மண்ணுக்கடியில் கிடந்து வாங்கியது. அங்கே விடுதி வாசலில் நிறுத்தினால் மறுநாள் இருக்காது என்று வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். வருடத்துக்கு இரண்டு முறை வருவான், காரைக் குளிப்பாட்டுவான், போய்விடுவான். வந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து டயரைப் பார்க்கிற ஆள் அவன் என்று நான் சொன்னால், லுலாமா இல்லை என்று சொல்லமாட்டாள்.

போன வருடம் அவனுடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு ஈஸ்ட் லண்டன் நகரத்து மருத்துவமனையில், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் படுக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். நடுவில் கெய் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மலையை வெட்டிப் போட்ட வளைவுச் சாலை. வேன்காரர்கள் ஆள் நிறையாமல் கிளம்பமாட்டார்கள். ஊரிலேயே ஓடக்கூடிய கார் லிண்டிலேயுடையதுதான், வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிறவள் லுலாமாதான். வேறு யாரும் முன்வரவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த மருத்துவமனையில் ஒரு கணக்கு உண்டு. மூன்று முறை வராவிட்டால் உங்கள் இயந்திரம் பட்டியலில் அடுத்து நிற்கிற ஆளுக்குப் போய்விடும். பட்டியலில் நிற்கிறவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் ஒரு குழியில் முன் டயர் வெடித்து, கிழவருக்கு ஒரு முறை போயிற்று. மற்ற மூன்றும் தேய்ந்து சோப்புக்கட்டி மாதிரி இருந்தன. நான்கையும் மாற்ற வேண்டும் என்று லுலாமா முடிவு செய்தாள். ருஸ்டன்பர்க்கிலிருந்து குரல் செய்தி வந்தது: "சாஃப்டான ரப்பரா, நல்லா அகலமா, கோடு கம்மியா இருக்கறதா பாத்து வாங்கு. இங்க எல்லாரும் அதான் போடறாங்க. கண்ட டயரப் போட்டு என் காரைக் கெடுத்துறாதே."

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். பெயரை மட்டுமா, அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லமாட்டாள். கிழவரின் பெயர் ஸானெம்வூலா. மழையோடு வந்தவன் என்று அர்த்தம். ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாக, லுலாமா மழை என்று சொன்னதில்லை. "துணிய உள்ள எடுங்க, மேலேயிருந்து வருது" என்பாள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் டயர் வாங்க லுலாமாவோடு பட்டர்வொர்த்துக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை, அவள் டயர்க்கடையில் இருந்தபோது நான் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

டயர்க்கடை மோண்டே என்பவருடையது. நாற்பது வயது, தொழில் தெரிந்தவர், மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

"எந்த ரோட்லக்கா ஓட்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"கெய் ரோட்ல. வாரம் மூணு தடவை. நோயாளிய வெச்சுக்கிட்டு."

"அங்க உங்களுக்கு என்ன தொந்தரவு அதிகம்?"

லுலாமா யோசித்திருக்கிறாள். "அது... மேலேயிருந்து விழுமில்ல, அதுக்குத்தான் பயமா இருக்கு."

மோண்டே அவள் தலைத்துணியைப் பார்த்தார். கல்யாணமானவள், ஏதோ சொல்லைத் தவிர்க்கிறாள் என்று புரிந்தது. என்ன சொல் என்று கேட்பது, உன் மாமனார் பெயர் என்ன என்று அவள் வாயைக் கிண்டுவதற்குச் சமம். நல்ல வீட்டுப் பிள்ளை அதைச் செய்யாது. கெய் பள்ளத்தாக்கில் மேலேயிருந்து விழுவது என்ன? வளைவுக்கு வளைவு பலகை நட்டு வைத்திருக்கிறார்களே, பாறை விழும், ஜாக்கிரதை என்று.

"சரிக்கா, புரிஞ்சுது. நீங்க சொல்லவே வேணாம்" என்று சொல்லிவிட்டு, கூர்க்கல்லில் ஏறினாலும் கிழியாத டயர் நான்கைப் போட்டு அனுப்பினார். சுவர் தடித்தது, ரப்பர் கட்டை மாதிரி கெட்டி. லுலாமா, லிண்டிலே சொல்லிக்கொடுத்தபடி, பக்கவாட்டில் பொறித்திருக்கிற நாலு இலக்கத்தைத் தடவிப் பார்த்து, இந்த வருடத்துச் சரக்குதான் என்று உறுதி செய்துகொண்டாளாம். அதில் குறை ஒன்றுமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு ஈஸ்ட் லண்டனில் சனிதோறும் வகுப்பு உண்டு, அவர்களோடுதான் போவேன். மருமகள் பக்கத்தில் மாமனார் உட்காருவது வழக்கமில்லை என்பதால் கிழவர் பின் சீட்டில் இருப்பார். நான் முன்னால். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர்தான் அளவு. நாக்கு வறண்டு சப்புக்கொட்டுகிற சத்தம் வழியெல்லாம் கேட்கும். கேட்டும் கேட்காதமாதிரி இருக்க நானும் லுலாமாவும் பழகியிருந்தோம்.

பள்ளத்தாக்கில் இறங்கும்போது மழை பிடித்தது. இரண்டாவது வளைவில் லுலாமா பிரேக்கைத் தொட்டாள், அவ்வளவுதான். கார் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பின்பக்கம் முன்னால் வந்து, வந்த வழியைப் பார்த்தபடி ஓரத்துக் கம்பியை உரசி நின்றது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கிழவர், "எல்லாரும் இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

லாரிகளை நிறுத்தி, காரைத் திருப்பி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். இயந்திரத்தில் வேறு ஆள் படுத்திருந்தார். செவிலி கெட்டவள் இல்லை, அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "ரெண்டு ஆச்சும்மா. மூணாவது எழுதினா என் கையில ஒண்ணுமில்ல. செவ்வாக்கிழமை எப்படியாவது வந்துருங்க" என்றாள். வியாழக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் உடம்பில் தேங்குகிற தண்ணீரோடு கிழவர் கிடக்க வேண்டும். வானொலியில் புதன்கிழமை வரை மழை என்று சொல்லிவிட்டார்கள்.

வகுப்பை விட்டுவிட்டு நானும் அவர்களோடு திரும்பினேன், மாட்டுவண்டி வேகத்தில். கடை ஒரு மணிக்கு மூடிவிடும். பன்னிரண்டரைக்கு மோண்டே கடைக்கு முன்னால் நிறுத்தினாள். கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு காரிலேயே இருந்தார், காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தது.

மோண்டே ஓடி வந்தார். "என்னக்கா, அதுக்குள்ள கிழிஞ்சிருச்சா?"

"கிழியல. வழுக்குது."

"கல்லு மேலயா?"

"கல்லுல எதுக்குண்ணா வழுக்கும்? மேலேயிருந்து விழுதுன்னு சொன்னேன்ல, அதுல."

"அதான்க்கா, மேலேயிருந்து விழறது..." மோண்டே கையைத் தூக்கி, பாறை உருண்டு வருகிறமாதிரி கீழே இறக்கிக் காட்டினார். "இதுதானே?"

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. சொல்ல வாயெடுத்தேன். லுலாமா என்னை முந்திக்கொண்டாள்.

"மழை!" என்றாள். "மழைண்ணா, மழை! மழைக்கு டயர் வேணும் எனக்கு! மழையில திரும்பி நின்னோம், மழையால முறை போச்சு, செவ்வாக்கிழமையும் மழைதான்! நாலரைக்கு எந்திரிச்சு எந்திரிச்சு என் கண்ணே எரியுது, உங்ககிட்ட விடுகதை போட எனக்குத் தெம்பு இல்ல. மழை. போதுமா?"

தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு டியூப் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே காரின் கதவு திறந்தது. முதலில் கைத்தடி வந்தது, பிறகு கிழவர் வந்தார், ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார். "ஒரு தடவை கூப்பிட்டா வரமாட்டேனா? கிட்னிதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

முதலில் சிரித்தவர் மோண்டேதான். அப்புறம் அந்த அம்மாள். லுலாமா சிரிக்கவில்லை. அடுக்கியிருந்த டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்து, தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செப்டம்பரிலிருந்து அழ வேண்டியதை எல்லாம் அங்கேயே அழுது தீர்த்தாள் என்று நினைக்கிறேன். கிழவர் அவளுக்குப் பக்கத்து அடுக்கில் உட்கார்ந்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் இரண்டு பேரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மன்னிச்சிருங்க மாமா" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"அபராதம் உண்டு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றவர், மோண்டேயைப் பார்த்தார். "தம்பி, எம் பேருக்கு ஏத்த டயரா ஒண்ணு எடு."

"இப்பத்தான் பெரியவரே உங்க பேரே எனக்குத் தெரியுது. பேர்ல பாறைதான் இருக்கும்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மோண்டே பின்கட்டுக்குப் போய் ஒரு டயரை உருட்டிவந்தார். டயரைச் சுற்றிலும் விரல் நுழைகிற அகலத்தில் மூன்று வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடுகிற கிளைகள். பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி, அது காட்டுகிற திசையில்தான் உருள வேண்டும். "தண்ணிய வாரி ரெண்டு பக்கமும் வீசிரும். குளிர்ந்த ரோட்லயும் ரப்பர் எளக்கமா இருக்கும். சீக்கிரம் தேஞ்சிரும், அத இப்பவே சொல்லிட்டேன். நேத்து போட்டதத் திருப்பி எடுத்துக்கறேன், தப்பு என் பேர்லயும் இருக்கு."

"அவர் சாஃப்டா, கோடு கம்மியா கேட்டாரு மாமா" என்று லுலாமா இழுத்தாள். அந்த நிலைமையிலும் புருஷன் நினைப்பு.

"அவன் மண்ணுக்கடியில இருக்கான். அங்க மழை பெய்யாது" என்றார் கிழவர். "அப்பா பாத்து வாங்கினார்னு சொல்லு."

செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். உதவி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்குக் காரில் உட்கார்ந்து பயப்படலாம் என்றுதான். கிழவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூன்று வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. பள்ளத்தாக்கில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை உரசின கம்பி வந்தது. நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். லுலாமா பிரேக்கைத் தொட்டாள். கார் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சொன்னபடி திரும்பியது. அடியில் தண்ணீர் பிளந்து ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சில்லென்று காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தேன். கிழவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டியிருந்தார். நனைந்த உள்ளங்கையை உள்ளே இழுத்து உதட்டில் ஒற்றிக்கொண்டு, மறுபடியும் நீட்டினார்.

லுலாமா அதைப் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்துவிட்டாள். "மாமா, ஜன்னலை ஏத்துங்க. உள்ள வருது."

"என்ன வருது?" என்றார் கிழவர், குறும்பாக.

அவள் ஒரு வளைவை முழுதாகத் திருப்பி முடித்தாள்.

"நீங்கதான் மாமா."

"அப்ப கொஞ்சம் வரட்டும், விடு" என்றார். "அபராதம் இதோட தீந்துச்சு."

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனை வாசலில் இருந்தோம்.