பெயின்ற் உடையாத பெட்டி

எழுபதுகளில சிட்னித் துறைமுகத்தில பழங்கப்பல் உடைக்கிற யார்ட் ஒண்டில நான் ஒக்சி கட்டர், காஸ் நெருப்பால இரும்பு வெட்டுறவன். முதல் நாளே கையில வெட்டுற டோர்ச்சைத் தந்து லைட் குருசர் எண்ட ஒரு போர்க்கப்பலில ஏத்திவிட்டினம். ரெண்டாம் உலக யுத்தத்தில விமானங்களைச் சுட்டு விழுத்தவெண்டே வைச்சிருந்த கப்பல். எங்க பாத்தாலும் வானத்தை நிமிந்து பாக்கிற பீரங்கிதான்.

என்னை வேலைக்கு எடுத்துவிட்டவர் போர்மன் ராசதுரை அண்ணை, எங்கட யாழ்ப்பாணத்து ஆள். என்ர மனிசி அப்ப பிள்ளைத்தாச்சி. வேலை போனால் நடுத்தெருதான்.

ஒவ்வொரு பீரங்கிக்கும் பக்கத்தில ஒரு இரும்புப் பெட்டி. விமானம் வந்தால் கீழ் அறையிலயிருந்து ஷெல், அதான் பீரங்கிக் குண்டு, ஏத்த நேரமிராது. அதுக்காக மேல்தட்டிலயே கொஞ்சம் வைச்சிருப்பினம். எல்லாப் பெட்டியிலயும் அண்ணை சோக்கால கோடு போட்டிருந்தார். திறந்து பாத்தாச்சு, வெறும் பெட்டி, வெட்டலாம் எண்டு அர்த்தம்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். பாண் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பாப்பன். மற்றப் பெட்டியளில மூடி விளிம்பில பெயின்ற் வெடிச்சுக் கிடந்தது. ஒண்டில மட்டும் கோடு இருக்கு, பெயின்ற் உடையேல்லை. திறக்காத பெட்டி வெறுமையெண்டு இவருக்கு ஆர் சொன்னது?

"அண்ணை, இதைத் திறந்து பாத்தனீங்களோ?"

"ஓமடா. நான்தானே கோடு போட்டனான்."

"பெயின்ற் உடையேல்லையே."

"வந்த முதல் நாளே இன்ஸ்பெக்டர் வேலை பாக்கிறியோ? வெட்டுறியோ, வீட்டை போறியோ?"

வீட்டை போனால் மனிசிக்கு என்ன சொல்லுறது? உள்ளுக்கு ஷெல் கிடந்து வெட்டினால், சொல்லுறதுக்கு நானே இருக்கமாட்டன்.

"சரி, வெட்டுறன். நீங்கள் பக்கத்தில நிண்டு தண்ணி ஹோஸைப் பிடியுங்கோ."

அண்ணை ஹோஸை எடுத்தார். நான் டோர்ச்சைப் பத்தவைச்சன். அவ்வளவுதான், அவர் ஒரு அடி பின்னுக்கு வைச்சார். பிறகு இன்னொரு அடி. முகம் வெளிறிப் போச்சு.

டோர்ச்சை அணைச்சன். "அண்ணை, சத்தியமாத் திறந்தனீங்களோ?"

"இதின்ர மூடி இறுகிக் கிடந்ததடா. மற்றதெல்லாம் வெறுமைதானே, இதுவும் அப்பிடித்தான் எண்டு..."

வேலையை நிப்பாட்டிக் கடற்படைக்குச் சொன்னம். குண்டு பாக்கிற ஆக்கள் வந்து திறக்க, உள்ளுக்கு ஷெல் வரிசையாக் கிடந்தது. அண்ணை தலையில கையை வைச்சுக்கொண்டு கீழ குந்தியிட்டார். எனக்கு ஆத்திரம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம். என்ர சந்தேகப் புத்தியை எப்பவும் ஏசுற மனிசி அண்டைக்கு ஏசேல்லை.

தம்பிமார், வேலையில ஒருத்தர் "ஒண்டும் நடக்காது" எண்டால் அவற்ற வாயைப் பாக்காதேங்கோ. பக்கத்தில வந்து நிக்கிறாரோ எண்டு பாருங்கோ.