தராசில் வைக்காத கால்

வெங்காய மண்டிக்காரருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் மண்டிப் படியில் ஈரச் சாக்கை மிதித்துக் கால் மடங்கி விழுந்து, வெளிக் கணுக்கால் எலும்பில் விரிசல் என்று கட்டிலில் கிடந்தால் வீடு என்ன பாடு படும்! ஃபேனைக் கூட்டு என்பார், உடனே குறை என்பார். ஜன்னலைத் திற என்பார், திறந்தால் தூசி என்பார்.

தராசடியில் இப்போது மச்சினன் நின்றான். மனைவியின் தம்பி, வேலைக்கு நல்லவன், வாய்க்கும் குறைவில்லை. ஆனால் அவன் கால் பெருவிரல்மீது அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. மூட்டையை வைக்கும் இரும்புத் தட்டு தரையோடு தரையாக இருக்கும். அதன் ஓரத்தில் விரல் லேசாக அமர்ந்தால் போதும், வாங்குகிறவர் தலையில் அந்தப் பாரமும் ஏறிவிடும். தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. மண்டிக்காரர் இத்தனை காலமும் தட்டை விட்டுத் தள்ளியே நின்றவர். அந்தப் பேரை வைத்துத்தான் கடை ஓடுகிறது. அது போய்விடுமோ என்பதுதான் அவரை அரித்தது.

"எலும்பு விலகல, மூட்டும் உறுதியா இருக்கு," என்றார் டாக்டர். "கணுக்காலை அசையாமப் பிடிக்கிற இந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு இப்பவே ஊனி நடக்கலாம். வலி தாங்குற அளவுக்குப் பாரம் போடுங்க. படுத்தே கிடந்தா கால்தான் விறைச்சுப்போகும்."

மனைவி விடுவாளா? "டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. உடைஞ்ச காலை யாராவது ஊனுவாங்களா?"

மண்டிக்காரரும் வாய்தான் வீராப்பு பேசியதே தவிர, உள்ளுக்குள் நடுங்கினார். பூட்ஸ் காலை முட்டைமேல் வைப்பதுபோல் தரையில் வைத்தார். அதைப் பார்த்த ஆஸ்பத்திரிப் பெண், நடக்கப் பயிற்சி கொடுப்பவள், ஆள் எடை பார்க்கும் சின்ன மிஷினை அவர் காலடியில் வைத்தாள்.

"இதுல அந்தக் காலை வச்சு மெதுவா அழுத்துங்க. எவ்வளவு பாரம் போடுறீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தராசுல நான் காலை வைக்க மாட்டேம்மா."

"இது உங்க எடையைப் பாக்கத்தானே, ஐயா?"

"எதுக்கா இருந்தாலும் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் விடாமல் மிஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். அது கட்டிலடியில் கிடந்தது.

சில நாள் கழித்துச் சாப்பாட்டுக் கடைக்காரி உடம்பு விசாரிக்க வந்தாள். பழைய வாடிக்கை. கிளம்பும்போது தயங்கி நின்றாள். "தப்பா நினைக்காதீங்கண்ணே. இப்பல்லாம் உங்க மூட்டை சீக்கிரமே தீர்ந்துபோகுது."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி குளிக்கப் போனதும் கதவைச் சாத்தி, மிஷினை இழுத்து, திருடப் போகிறவர்போல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தார். அழுத்தினார். முள் அசைந்தது. வலித்தது, எதுவும் முறியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவமானத்தில் முகம் சுட்டது, கால் மட்டும் தாங்கியது. அதன்பின் தினமும் அந்தத் திருட்டு வேலை நடந்தது. முள்ளும் ஏறிக்கொண்டே போனது.

ஒரு காலையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மண்டிக்கே நடந்துவிட்டார். மனைவி கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

தட்டில் சாப்பாட்டுக் கடைக்காரியின் மூட்டை, எதிரில் அவள். ஓரத்தில் மச்சினனின் விரல்.

"காலை எடுடா."

"மாமா! எல்லாம் நம்ம வீட்டுக்காகத்தானே..."

"எடு."

விரல் நகர்ந்ததும் எண் இறங்கியது. மச்சினனை விலக்கிவிட்டு மண்டிக்காரரே தராசடிக்கு வந்தார். அடுத்த மூட்டையை ஏற்றினார்கள். எடையைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தார்.

கடைக்காரி எண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பூட்ஸ் காலை, பிறகு மற்றக் காலை.

அவருக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. இரண்டு காலையும் அழுத்தி ஊன்றித் தட்டை விட்டுப் பின்னால் போனார்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றார்.

அவள் பார்த்தாள்.