பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் விட்டவன்

எங்கள் தெருவில் பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் விட்ட ஒரே ஆள் ராய்ஸ் டாக்கெட்தான். நான் கார்லண்ட், அவனுக்குப் பக்கத்து வீடு, நாற்பது வருஷம் குழாய் ரிப்பேர் பார்த்தவன். அந்தக் கூத்தை மரவேலிக்கு மேல் தலையை நீட்டித் தினமும் பார்த்தேன். முதலில் சிரித்தவனும் நான்தான்.

ராய்ஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன். ஒரு பிள்ளையைக்கூட அதட்டியதில்லை, திட்டெல்லாம் பஸ்ஸுக்குத்தான். அவன் மனைவி லவோன் டென்னிஸ்காரி. அவள் முதல் பந்தைப் போட்டால் நான் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு, இனிமேல் சிமெண்ட் தரையில் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லவோன் அழவில்லை, புலம்பவில்லை. மட்டையைக் கொண்டுபோய் சர்ச்சில் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். விற்பனையன்று காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்று அதே மட்டையைத் திரும்ப வாங்கிவந்தான் ராய்ஸ்.

வந்த கையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "டேய், வீட்டுக்குப் பின்னாடி மெத்துமெத்துன்னு ஒரு டென்னிஸ் கோர்ட் போடப்போறேன். பிளாஸ்டிக் புல்லு. அவ மறுபடி ஆடணும்."

"இது கரிசல் மண்ணுடா. மழை வந்தா உப்பும், வெயில் வந்தா வாயைப் பொளக்கும்."

"எனக்கே சொல்லித் தரியா? நான் பொறந்ததே இந்த மண்ணுலதான்."

இந்த டெக்சஸ் கரிசலில் பிறந்த எவனும் இதே திமிரோடுதான் பேசுவான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. முழங்கையளவு ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தான். மண் மேலே கலக்காமலிருக்கத் துணி விரித்தான், அதன்மேல் ஜல்லி கொட்டினான், மிஷினை வைத்துத் திம் திம் என்று இடித்தான். என் வீட்டு அலமாரியில் தட்டுகள் ஆடின. புல்லை விரித்து, மணல் தூவி, சீப்பு போட்டு வாரிவிட்டான். ஏப்ரலில் லவோன் இறங்கி ஆடினாள். மே மாதம் என்னைத் தோற்கடித்தாள். அந்த மனுஷி சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ராய்ஸ் செய்த ஒரே தப்பு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஊரில் கோடை வந்தால் செடிக்கு முன்னால் வீட்டுக்குத்தான் தண்ணீர் விடுவோம். சுவரை ஒட்டிக் கசிகிற ரப்பர் குழாயைப் போட்டு அஸ்திவாரத்து மண்ணை ஈரமாக வைத்திருப்போம். இல்லாவிட்டால் மண் சுருங்கி வீடு ஒரு பக்கமாக இறங்கும். கோர்ட் போட்டபோது அந்தக் குழாயைச் சுருட்டி ஷெட்டில் போட்டுவிட்டான் ராய்ஸ். பிளாஸ்டிக் புல்லுக்கு எதற்குத் தண்ணீர் என்று நினைத்துவிட்டான். புல்தான் பிளாஸ்டிக், அடியில் இருப்பது அதே கரிசல் அல்லவா! பக்கத்திலேயே இருந்த எனக்கும் தோன்றவில்லை, அதற்கு என்னையும் நாலு சாத்தலாம்.

ஆகஸ்டில் கோர்ட்டின் வீட்டோரப் பாதி இறங்கிவிட்டது. புல்லின் இணைப்பு பிளந்தது. ஒருநாள் காலை லவோனின் கால் அந்தப் பிளவில் மாட்டி, தடுமாறி, வலைக்கம்பத்தைப் பிடித்து நின்றாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள். சமையலறைப் பின்கதவு திறக்கவில்லை. வீடும் சேர்ந்து இறங்கியதில் கதவு நிலையில் இறுகிப்போயிருந்தது. இடுப்பால் ஒரு இடி இடித்து, இறுக்கத்தைத் தளர்த்தி, வெளியே இழுத்துத்தான் திறந்தாள்.

"ராய்ஸ், உன் பேச்சை நான் நம்பமாட்டேன். இந்தக் கதவைத்தான் நம்புவேன். இது இடிக்காம திறக்கற அன்னிக்கு நான் ஆடறேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதே."

அவன் புல்லைத் தூக்கினான், ஜல்லி நிரப்பிச் சமப்படுத்தினான், இணைப்பை ஒட்டினான். குழாயை வெளியே எடுத்துக் கோர்ட்டைச் சுற்றிலும் சுவரோரமும் போட்டான். மண் உப்பி வீடு பழையபடி மேலேறினால்தான் கதவு இளகும். நகராட்சி தண்ணீர் விட அனுமதித்த நாட்களில் அது கசிந்தது. மற்ற நாட்களில் வாளியில் எடுத்து ஓரமெல்லாம் ஊற்றினான். தபால்காரி டெல்ஃபினா தினமும் கேட்பாள்: "என்ன ராய்ஸ், அறுவடை எப்போ?" அவன் தொப்பியைத் தூக்கி, "உனக்கு ஒரு மூட்டை தனியா எடுத்துவைக்கிறேன்" என்பான்.

செப்டம்பர் போயிற்று. அக்டோபரும் போயிற்று. லவோன் அந்தக் கதவை இடித்தபடியேதான் இருந்தாள். மனுஷன் இளைத்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போனேன்.

"அவ கடைக்குப் போயிருக்கா. மேலோரத்துல ரெண்டு இழைப்பு இழைச்சா வெண்ணெய் மாதிரி திறக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

ராய்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கூசிவிட்டது.

"அவ அந்தக் கதவை நம்பித்தான் காலை வைக்கப்போறா, கார்லண்ட். கதவைச் செதுக்கினா அவ முழங்காலுக்கே பொய் சொன்ன மாதிரி. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு அவனைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

நவம்பரில், நன்றி நாள் பண்டிகை விருந்துக்கு முந்தைய தினம், நானும் அவனும் பின்புறத்தில் வான்கோழி பொரிக்கிற அடுப்பைப் பொருத்திக்கொண்டிருந்தோம். பீக்கன் கொட்டையும் பாகும் வைத்துச் சுட்ட 'பை' என்னும் இனிப்பைத் தட்டோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லவோன் வந்தாள். பிடியை முழங்கையால் அழுத்தி, பழக்கதோஷத்தில் கதவை இடுப்பால் ஓங்கி இடித்தாள். கதவு சும்மா பறந்து திறந்தது. அவள் வாசல்கல்லில் தள்ளாடி நின்றுவிட்டாள், பை மட்டும் நிற்கவில்லை. புல்லில் கவிழ்ந்து விழுந்தது.

"ஐயோ, கண்ணு!" என்று ஓடினான் ராய்ஸ்.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கதவை மூடினாள். பிடியை ஒரு விரலால் இழுத்தாள். திறந்தது. மறுபடி மூடினாள், இழுத்தாள். மேலோரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அங்கே பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. நல்லவேளை, அன்றைக்கு அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

"பை போச்சுன்னு கோவம் போல" என்று முணுமுணுத்தபடி ராய்ஸ் மண்டியிட்டு, தோட்டக் குழாயைப் பிடித்து, புல்லில் ஒட்டிய பாகைக் கழுவத் தொடங்கினான்.

கதவு மறுபடி சத்தமில்லாமல் திறந்தது. லவோன் கையில் மட்டை இருந்தது.

"கார்லண்ட், நீ அந்தப் பக்கம் போ. ராய்ஸ், பந்தைப் போடு."

நான் போய் நின்றேன். பந்து வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவன் குழாயைப் பிடித்தபடி மண்டியிட்டே இருக்கிறான். தண்ணீர் அவன் மடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கிறது, அது அவனுக்குத் தெரியவேயில்லை.